திரேசாவின் கையிருப்பு

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் திரேசாதான் அங்கிருந்த பாலர் பாடசாலைச் சங்கத்துக்குப் பொருளாளர். கொழும்பு நிறுவனமொன்று ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய் கொடுத்தது. மாதம் ஆசிரியைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, மற்றச் செலவுக்கு ஐந்நூறு. அந்தப் பணம் ஒருமுறையும் ஏப்ரலுக்கு முன் வந்ததில்லை. மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருந்து பார்த்த ஓர் ஆசிரியை, கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்த விஜயகலாவும் போய்விடக் கூடாதென்று திரேசா மிச்சம் பிடித்தார். பிள்ளைகளுக்குப் பாய் வாங்காமல் உரச்சாக்கைக் கழுவி விரித்தார். தாய்மார் இருபத்துநான்கு பேரிடமும் மாதம் பத்து ரூபாய் வாங்கினார். எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில். இரண்டாவது கணக்குத் திறப்பதென்றால் சங்கத்தில் மூன்று பேர் அன்றைய வேலைக்குப் பேர் போடாமல், நாள் சம்பளத்தை விட்டு, கையெழுத்து வைக்க டவுனுக்குப் போகவேண்டும். மூன்று ஆண்டில், 2001 டிசம்பரில், கையிருப்பு பதினெட்டாயிரத்து அறுநூறு.

நிறுவனத்துக்கு அனுப்பும் கணக்கை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது, அப்போது தோட்டத்தில் இருந்த நான். கடைசி வரியில் அவ்வளவு மிச்சம் நிற்பது எனக்குப் பயமாக இருந்தது, சொல்லவில்லை. டவுனில் கடை வைத்திருந்த மர்சூக் அந்த மிச்சத்தை மறைக்க வழி சொன்னார்:

"பாய் வாங்கினதா பில் ஒண்டு போட்டுத் தாரேன், திரேசாக்கா. யாரு வந்து எண்ணப் போறா?"

"புள்ளைங்க சாக்குலதானே உக்காந்திருக்கு, மர்சூக்."

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். செலவாகாத பணம் தேவையில்லாத பணம் என்றார். வரும் ஆண்டின் உதவியில் அவ்வளவையும் கழிப்பார்களாம்.

"அதுல எங்க அம்மாமாரு காசும் இருக்குங்க, சேர்."

ஒரே கணக்கில் கிடப்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்றுவிட்டார்.

செய்தி லயத்து வீடுகளுக்கு வந்தபோது, தாய்மாரில் ஒருத்தியான சாலி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, "அப்ப நாங்கதான் கொழும்புக்கு உதவி அனுப்பியிருக்கோம்" என்றாள். அந்த மாதத்திலிருந்து யாரும் பத்து ரூபாய் கொடுக்கவில்லை. திரேசாவும் கேட்கவில்லை.

2002 டிசம்பரில் கணக்கில் ஒன்றுமில்லை. விஜயகலா பெப்ரவரி முடியும்வரை சம்பளமில்லாமல் வந்தாள். மார்ச்சில் அவளும் கார்மெண்ட்ஸ் பஸ்ஸில் ஏறினாள். ஆசிரியையாக வைக்க, சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த வேறு பெண் தோட்டத்தில் இல்லை. தாய்மார் பிள்ளைகளை மறுபடியும் பால் வெட்டும் மலைக்குக் கூட்டிப்போய் ரப்பர் மரத்தடியில் உட்காரவைத்தார்கள்.

ஏப்ரலில், இம்முறை எதையும் கழிக்காமல், முழு ஆண்டுக்கான காசோலை வந்தது. அதைத் திருப்பி அனுப்பும் கடிதம்தான், நான் வெளிநாடு புறப்படுமுன் திரேசாவுக்காக எழுதிய கடைசிக் கடிதம். காரணம் என்ன போடுவதென்று கேட்டேன்.

"டீச்சர் போயிட்டாங்கன்னு மட்டும் எழுதுங்க தம்பி" என்றார். "ஏன் போனாங்கன்னு அவங்க கேக்க மாட்டாங்க."