துரையின் கத்திகளுக்கு வைத்த பொட்டு

தங்காக் ஊர்த் துணிக்கடையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் வாசனை வந்தால் போதும், இன்று செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவின் முன்கூடம் கண்முன் வந்துவிடும். ஜெர்மன் சண்டையிலிருந்து திரும்பிய துரை, பதுங்குகுழிகளில் ஆளை ஆள் குத்திய கத்திகளைத் தேடித்தேடி வாங்கிச் சுவரெல்லாம் மாட்டியிருந்தார். விரல் நுழையும் பித்தளைப் பிடிகளையும் முக்கோண அலகுகளையும் எண்ணெய்த் துணியால் துடைப்பது அம்மாவின் வேலை, வாளியோடு பின்னால் போவது மகளான என் வேலை.

ஆயுத பூசையன்று, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பால்வெட்டும் கத்திகளுக்கெல்லாம் பொட்டு வைத்த அம்மா, "இதுங்களும் ஆயுதந்தானே, பாவம்" என்று சுவரில் இருந்தவற்றுக்கும் குங்குமம் வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் அது இளகி, அலகு வழியே சிவப்பாக வழிந்தது.

உள்ளே வந்து அதைக் கண்ட துரை அலகுகளை வெறுங்கையாலேயே துடைத்தார், துடைக்கத் துடைக்கச் சிவப்பு கூடியது.

"தொரே, வேணாங்க, ஒங்க ரத்தங்க அது!" என்று அம்மா கதறியது அவர் காதில் ஏறவேயில்லை.

மறுநாள் முதல் பங்களாப் படியேறுமுன் அம்மா தன் நெற்றிப் பொட்டை முந்தானையால் அழித்துக்கொள்வாள். அப்போது அப்பா உயிரோடுதான் இருந்தார்.