நாற்பத்து மூன்றாம் கல்

நெருப்பு அணைந்த பிறகு காட்டுக்குள் ஜீப் ஓட்டுவதும் சாம்பலைத் தின்பதும் ஒன்றுதான். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வேகும், இறக்கினால் வாயெல்லாம் கரி. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்வேயர் கைக்குட்டையை மூக்கில் இறுக்கிக் கட்டியிருந்தார். பின்சீட்டில் சுண்ணாம்பு அண்ணன் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்து அடித்து ஓய்ந்துபோன மனிதர். அவரை எழுப்ப எனக்கு மனசே வரவில்லை.

அவர் வனக்காவலர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எல்லைக்கல்லுக்கு வெள்ளை அடிப்பது அவர் தலையில் விழுந்த வேலை. காடு எங்கே முடிகிறது, ஊரார் நிலம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட வரிசையாக நட்ட கற்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஓர் எண் செதுக்கியிருக்கும். வருஷா வருஷம் மழை விட்டதும் வாளியும் மட்டையும் சுண்ணாம்பு மூட்டையுமாகக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது விரல் நுனியெல்லாம் வெந்து வெடித்திருக்கும். "அண்ணன் தும்மினாலும் வெள்ளையாத்தான் வரும்" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

கல்யாணம் தட்டித் தட்டிப் போய்க் கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோனது. அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவள் அண்ணனிடம் வந்து, எங்கே குடிசை போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டாள். மலைச்சரிவில் ஒரு வெள்ளைக்கல்லைக் காட்டி, "இதுக்கு மேலதான் காடு. கீழ எங்க வேணும்னாலும் கட்டிக்கோ, ஒருத்தன் வாய் திறக்க முடியாது" என்று சொன்னார். அவளும் நம்பி உண்ணிப்புதரை வெட்டி, மண் குழைத்து, சுவர் எழுப்பினாள். குடிசை வீடாயிற்று. எங்கள் சீருடைகளையும் ரோட்டோர விடுதியின் படுக்கை விரிப்புகளையும் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். ஓய்வு பெற்றதும் அந்த வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டுப் படுத்துவிடுவது என்பதுதான் அண்ணன் வாழ்க்கையில் போட்ட ஒரே திட்டம். "ஒரு மாசம் யாரும் என்னை எழுப்பக் கூடாது" என்பார்.

புதரெல்லாம் எரிந்து காடு மொட்டையாக நின்றதால், கற்களைச் சரிபார்க்க இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அவர்களுக்கென்ன, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்கள். நடப்பது எங்கள் கால்.

ஜீப்பை நிறுத்திவிட்டு ஏறினோம். வெடித்த மூங்கில்கள் வாயைப் பிளந்து கிடந்தன. நத்தை ஓடுகள் தரையெங்கும் வெளுத்துச் சிதறியிருந்தன. சர்வேயர் ஒன்றை எடுத்துப் பார்த்து, "சுண்ணாம்பு சிந்தியிருக்குன்னு நெனச்சேன்" என்றார். ஓர் ஆமை ஓடு கவிழ்ந்திருந்தது, உள்ளே எதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளி மான் ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் சாம்பலை நக்கிக்கொண்டிருந்தது. அதில் உப்பு இருக்கிறதாம். அண்ணன் வழியில் இருந்த மரங்களைக் கத்தியால் லேசாகக் கீறிப் பார்த்துக்கொண்டே வந்தார். கரிக்கு அடியில் பச்சை தெரிந்தால் "பொழைச்சிடும்" என்பார். தெரியாவிட்டால் கத்தியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நடப்பார். பேசாமல் கடந்துபோன மரங்கள்தான் அதிகம்.

நாற்பத்திரண்டாம் கல் அதன் இடத்தில் இருந்தது, எண்ணும் தெளிவாக இருந்தது. அடுத்தது தங்கை வீட்டுக்கு மேலே இருந்த அந்த வெள்ளைக்கல். தீ அதுவரை வந்து நின்றிருந்தது. வீட்டைச் சுற்றி அண்ணன் ஏற்கெனவே செத்தை செதுக்கி, தீ தாவாதபடி வெறும் தரையாக வழி எடுத்து வைத்திருந்ததால் அதைத் தாண்டவில்லை. ஆனால் கல்லின் மேலிருந்த சுண்ணாம்பு சூட்டில் வெங்காயத் தோல் மாதிரி படலம் படலமாக உரிந்து விழுந்திருந்தது.

சர்வேயர் குனிந்து சுற்றி வந்தார். "எண் எங்கங்க?" என்று கேட்டார்.

அண்ணன் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டினார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனார். எண் இல்லை. உளி பட்ட அடையாளமே இல்லை.

"இது நட்ட கல் இல்லைங்க. சும்மா பாறை" என்றார் சர்வேயர். திட்டுகிற குரல் இல்லை, அலுத்துப்போன குரல்தான்.

என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்கு முன்னால் இருந்த எவனோ, உண்மையான கல்லைப் புதர் மூடியிருந்த வருஷம், முள்ளுக்குள் நுழையச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய பாறைக்கு வெள்ளை அடித்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த வருஷம் வந்தவன் அந்த வெள்ளையைப் பார்த்து அதற்கே அடித்தான். எங்கள் ஆட்கள் எண்ணைப் பார்த்து வெள்ளை அடிப்பதில்லை, பழைய வெள்ளையைப் பார்த்து அடிக்கிறார்கள். அண்ணனும் அந்தப் பாறைக்குத்தான் ஆயுசு பூராவும் அடித்திருக்கிறார்.

சர்வேயர் வரைபடத்தை விரித்து, நாற்பத்திரண்டாம் கல்லிலிருந்து திசை பிடித்து, நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். நாடா சரிவில் கீழே போனது. வேலியைத் தாண்டியது. வீட்டுச் சுவரை ஒட்டிக்கொண்டு இன்னும் கீழே போனது. அண்ணன் நடை தயங்கியதை நான் பார்த்தேன். வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும். தங்கையின் துவைக்கிற கல். அதுதான் எல்லை என்றால் வீடு முழுக்கக் காட்டுக்குள்.

நாங்கள் போனபோது அவள் துவைத்துக்கொண்டுதான் இருந்தாள். கல்லின் மேல் அண்ணனின் காக்கிச் சட்டை. தீயணைத்த கரியெல்லாம் கறுப்புத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த விரிப்பு ஒன்று கல்லின் முன்பக்கத்தை மூடித் தொங்கியது.

"இங்க சுத்துவட்டாரத்துல எங்கயாவது நட்ட கல் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று சர்வேயர் கேட்டார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெயில் ஏறுது சார். அடுத்த கல்லுக்குப் போயிடலாம்" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒரு மனிதன் உழைத்து உழைத்துத் தேய்ந்து கடைசியில் படுக்க ஓர் அறை கேட்கிறான், அதையும் பிடுங்க வேண்டுமா?

சர்வேயரும் களைத்துத்தான் இருந்தார். "கிடைக்கலைன்னா 'கல் காணவில்லை'ன்னு எழுதிடறேன். இப்போதைக்கு அந்தப் பாறையையே எல்லையா வச்சுக்குவாங்க. இந்தப் பக்கத்துக் காவலர் நீங்கதானே, தேடிப் பார்த்தேன், இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று காகிதத்தையும் பேனாவையும் அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு நின்றார். போட்டுத் தொலையேன் என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். அவருக்குப் போடவும் முடியவில்லை, பேனாவைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

தங்கை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரிப்பையும் சட்டையையும் வாரி வாளியில் போட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லின் முன்பக்கம் வீசி ஊற்றினாள். சோப்பு நுரை வழிந்து இறங்கியது. செதுக்கிய பள்ளங்களில் மட்டும் வெள்ளையாகத் தங்கி நின்றது. நாற்பத்து மூன்று.

"எழுதிக்கோங்க சார்" என்றாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று அண்ணன் கேட்டார்.

"புதர் வெட்டினப்பவே பார்த்தேன். ஏதோ நம்பர் இருக்கேன்னு தோணுச்சு. ஆனா நீ மேல இருக்கிற கல்லைத்தானே காட்டின? அண்ணனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அண்ணன் அங்கேயே, ஈரத்தில், உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே அழுதார். சர்வேயர் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவரும் நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் தேவலை.

"காலி பண்ணச் சொல்வாங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"நான் எழுதித்தான் ஆகணும்மா. முடிவு பண்றது மேல இருக்கிறவங்க. அநேகமா நோட்டீஸ் வரும்."

கண்டுபிடித்த கல்லுக்கு அன்றைக்கே வெள்ளை அடிக்க வேண்டும் என்பது விதி. நான் ஜீப்புக்குப் போய் வாளியையும் மட்டையையும் எடுத்து வந்தேன். நானே அடிக்கிறேன் என்று சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. மெதுவாக எழுந்து, ஒரு குச்சியால் எண்ணுக்குள் அடைத்திருந்த சோப்பை நோண்டி எடுத்துவிட்டு, எப்போதும் போல மேலிருந்து கீழாக அடித்தார். அவள் காக்கிச் சட்டையை வேறொரு பலகையில் போட்டுத் தேய்த்து, அலசி, பிழிந்து கொடியில் உதறிப் போட்டாள்.

இந்தச் சரகத்தில் நோட்டீஸ் வந்தால் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது காவலரின் வேலை. அதாவது அவருடைய வேலை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் கிளம்பும்போது வேலி வரைக்கும் கூடவே வந்தாள்.

"நோட்டீஸை நீயே கொண்டு வாண்ணே. வேற யாரையும் அனுப்பாதே. மத்தியானமா வா, சாப்பிட்டுட்டு, பின்னறையில கொஞ்ச நேரம் தூங்கிட்டுப் போகலாம்."