திரையில் வராத கடைசிப் பெயர்

பல் மருத்துவமனையில் அவளுக்கு 'ஸ்கிரிப்ட்' என்றே பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய நர்ஸ் வாசலில் நின்று நோயாளிகளைத் தொண்டை கிழியக் கூப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "நான் கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தரேன் மேடம், பேரெல்லாம் தானா திரையில வரும்" என்று சொன்னாள். அன்று ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். வீட்டில் முதல் பட்டதாரி. வாய்க்குக் குறைச்சல் இல்லை.

விஷயம் சின்னதுதான். சீட்டு எழுதும் அக்கா கம்ப்யூட்டரில் வரிக்கு ஒரு பெயராகத் தட்டி வைப்பாள். ஸ்கிரிப்டுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றும் லூப் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் திரைக்கு அனுப்பும். முதல் நாளே மூக்குடைபட்டது. இரண்டு சொல்லில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் இரண்டு வரியாக வந்தார்கள்.

"ஒத்தப் பல்லைப் பிடுங்க வந்த ஆளையே ரெண்டாப் பிளந்துட்டியேடி" என்றாள் அக்கா.

இடைவெளியைக் கண்டாலே வெட்டும் அந்த லூப்பைத் தூக்கிப்போட்டு, முழு வரியாகப் படிக்கும் லூப்பை எழுதினாள். அப்புறம் நிமிர்ந்துதான் நடந்தாள். நேற்று ஒருவர் தன் பெயர் வரவே இல்லை என்று சண்டை பிடித்தபோதும், "டீ குடிக்கப் போயிருப்பாரு" என்று தள்ளிவிட்டாள்.

பெரிய நர்ஸ் விடவில்லை. "இன்னொருத்தர் விட்டுப்போனா, பழையபடி நான் வாசல்ல நின்னுக்கறேன். உன் ஸ்கிரிப்டைச் சுருட்டி வச்சுக்க."

இன்று அம்மா வந்திருந்தாள், கன்னம் வீங்கி. சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அம்மாவின் பெயரைக் கடைசியில் போடச் சொல்லியிருந்தாள். "திரையில வந்ததும் நீயே உள்ள போம்மா. என்கிட்ட வந்து கேக்காத."

கூடம் காலியானது. அம்மா மட்டும் கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கேயாவது எழுந்து போனியாம்மா?"

"எங்கடி போறேன்? உன் மெஷினையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அப்படியானால் நேற்று வந்தவரும் டீ குடிக்கப் போகவில்லை.

பெரிய நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். தப்பு என்னுதுதான். இப்பவே கண்டுபிடிக்கறேன்."

"முதல்ல அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போ."

"திரையில வரட்டும்" என்றாள் அம்மா.

லூப்புக்குள் வரும் ஒவ்வொரு வரியையும் தன் கம்ப்யூட்டரில் வரவழைத்துப் பார்த்தாள். அம்மா இல்லை. லூப் முடிந்த பிறகு அதன் கையில் என்ன மிச்சம் என்று பார்த்தாள். அம்மா இருந்தாள்.

புரிந்துவிட்டது. அவள் சோதித்தபோதெல்லாம் கடைசிப் பெயருக்குப் பிறகும் பழக்கத்தில் எண்டர் தட்டியிருந்தாள். அக்கா கடைசி எழுத்தோடு சேமித்துவிடுவாள். எண்டர் இல்லாத வரியை வாங்கிக்கொண்டு, அதைத் திரைக்கு அனுப்பாமலே 'அவ்வளவுதான்' என்று லூப் வெளியேறிவிடுகிறது.

"அக்கா, கடைசியில ஒரு எண்டர்..." என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். அக்கா என்றைக்காவது மறந்தால் இன்னொருவர் இப்படி உட்கார்ந்திருப்பார். வரி முடியாவிட்டாலும், கையில் பெயர் இருந்தால் அதையும் அனுப்பு என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். போனவர்களின் பெயர்கள் வரிசையாக வந்து போயின. கடைசியில் அம்மா வந்தாள்.

அம்மா எழுந்து, சொன்னபடியே, இவள் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள்.

"டீ குடிக்கப் போனவர் நாளைக்கு வராரு" என்றாள் பெரிய நர்ஸ்.

"நானே அவர்கிட்ட சொல்லிடறேன் மேடம்."

"சரி, ஸ்கிரிப்ட் இருக்கட்டும்."

மனம் ஆறவில்லை. இன்னொரு சோதனைக்காக, அடுத்த வரிசையின் கடைசியில் தன் பட்டப்பெயரையே 'ஸ்கிரிப்ட்' என்று தட்டி, எண்டரைத் தொடாமல் சேமித்தாள். திரையில் வந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எந்தப் பல்லுடி?"