பின்னாலிருந்து எடுத்த நடை

கோயம்புத்தூரில் டிசைன் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் வருடம் அனிமேஷன் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். நமக்குத் தெரிந்த ஒருவரின் நடையைக் கவனித்து, அதை அப்படியே கணினியில் வரைந்து நடக்கவிட வேண்டும். புத்தகத்தில் இருக்கிற பொதுவான நடை கூடாது. "பார்த்ததும் இன்னார்னு தெரியணும்" என்றார் ஆசிரியை.

ஆயுதபூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும் எங்கள் ஊருக்கு. அப்பாவிடம் கொஞ்சம் ஆடுகளும் கரிசல் நிலமும் உண்டு. அந்த வருடம் மக்காச்சோளம் போட்டிருந்தார். காலையில் ஒரு கையில் கஞ்சித் தூக்குவாளியோடு ஆடுகளைப் பத்திக்கொண்டு வண்டிப்பாதையில் போனவரைப் பின்னால் நின்று போனில் படம் பிடித்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விறைத்துக்கொண்டு நடப்பார்.

ஹாஸ்டலில் உட்கார்ந்து, ஒரு நொடியை இருபத்துநான்கு படங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலது கால் தரையில் பதினைந்து படம் நின்றது. இடது கால் ஒன்பதிலேயே எழும்பிவிட்டது. அதைச் சரிக்கட்ட உடம்பு வலது பக்கம் சாய்ந்தது, இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது, தூக்குவாளி வெளியே போய் வந்தது. நான் சின்னவனாக இருந்தபோது அப்பா மொபெட்டிலிருந்து விழுந்து இடது முட்டியில் அடிபட்டிருந்தார். சரியாகிவிட்டது என்றார், நாங்களும் நம்பிவிட்டோம். ஊன்ற முடியாமல்தான் அந்தக் கால் இப்படி அவசரப்படுகிறது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்தும், நோட்டில் '15, 9' என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தேன். நல்ல கணக்கு கிடைத்த சந்தோஷம் வேறு.

வகுப்பில் எல்லோருடைய படத்தையும் திரையில் ஓடவிட்டார்கள். ஷூ போட்டு மாடியில் வேக நடை போகும் ஒரு அம்மா. பெட்டியை உருட்டிக்கொண்டு ஏர்போர்ட்டில் நடக்கும் ஒரு சித்தப்பா. அதற்கு அடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிய என் ஒல்லி மனிதர். வகுப்பு முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அவ்வளவு உயிரோடு நடந்தார். என் அறை நண்பன் திரும்பி, "யார்டா இது?" என்றான்.

அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எங்க ஊர்ல ஒருத்தர். எந்நேரமும் தண்ணியிலதான் இருப்பாரு."

அப்பா குடித்து நான் பார்த்ததே இல்லை.

சிரிப்பு இன்னும் கூடியது. "அப்போ கையில பாட்டிலைக் குடுத்திருக்கலாமே" என்றார் ஆசிரியை. தூக்குவாளியை அழித்துவிட்டுப் பாட்டிலை வரைந்தேன். கை ஆட்டம் பொருந்திப்போனது, வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். டிசம்பர் கண்காட்சிக்கும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

கண்காட்சிக்குப் பெற்றோரைக் கூப்பிட்டு அவர்கள் போனுக்கே செய்தி போயிருந்தது. "அதெல்லாம் சும்மா, அலைய வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். அப்பா ராத்திரி ரயிலேறி வந்துவிட்டார். கேட்டிலிருந்து அரங்கம் வரை நீளமான பாதை. நான் பார்ப்பதற்கு முன்னாலேயே, வாசலில் நின்ற அறை நண்பன் பார்த்துவிட்டான்.

"டேய், அங்க பாரு. உன் குடிகாரர் வர்றாருடா."

சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினான். ஆசிரியை சொன்னது பலித்துவிட்டது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அப்பா நேராக என்னிடம் வந்தார். "என்னல, இப்படி மெலிஞ்சுபோயிட்ட" என்று தோளைப் பிடித்துப் பார்த்தார். நண்பனின் கை தானாக இறங்கியது. அவனிடமும் அப்பா, "நல்லாருக்கியளா தம்பி?" என்று கேட்டு, கடம்பூர் போளிப் பொட்டலத்தைக் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே டிவியில் அந்த மனிதர் பாட்டிலோடு ஓயாமல் நடந்துகொண்டிருந்தார். கீழே என் பெயர். அப்பா கிட்டே போய் நின்று பார்த்தார். தன் முதுகையும் தன் நடையையும் யார் பார்த்திருக்கிறார்கள்? அப்பா சிரிக்க ஆரம்பித்தார்.

"யாருல இவன், இந்தத் தள்ளாட்டம் தள்ளாடுதான்?"

"சும்மா, கற்பனைப்பா."

"நீ செஞ்சதா? குடிகாரப் பயல அப்படியே கொண்டாந்துட்டியே."

என் வகுப்பில் நாலைந்து பேர் பக்கத்தில் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார், நான் அவரோடு சேர்ந்து சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். அந்த வாய் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கக் கூசுகிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கதிர் ஒடித்துக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டினேன். வண்டிப்பாதையில் எடுத்த வீடியோ. வெயில் படாமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"ஏல, எங்காலு இப்படியா போவுது?"

"ஆமாப்பா. கோயம்புத்தூர்ல நீங்க பாத்ததும் இதுதான். நான்தான் கையில பாட்டில வரைஞ்சேன். பசங்க கேட்டதுக்குக் குடிகாரர்னு சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பயலுவளுக்கு நான்தாம்னு தெரியுமா?"

"நீங்க நடந்து வரும்போதே தெரிஞ்சுபோச்சுப்பா."

கொஞ்ச நேரம் கதிரை ஒடித்தார். பிறகு, "அவிய முன்னால நானும்லா சிரிச்சேன்" என்றார். அவ்வளவுதான்.

"உங்கம்மைகிட்ட இதக் காட்டிராத, ஆஸ்பத்திரிக்கு வான்னு நிப்பா" என்று மட்டும் வீட்டுக்குப் போகும்போது சொன்னார். அன்றைக்கே அம்மாவிடம் காட்டினேன். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். முட்டித் தேய்மானம் என்றார்கள். இப்போது மாத்திரையும் முட்டிப் பட்டையுமாக இருக்கிறார். வலி குறைந்திருக்கிறது என்கிறார், இந்த முறை நான் அதை அப்படியே நம்புவதில்லை.

கல்லூரியில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர்கள் மறந்தும்விட்டார்கள். அப்பா கோபத்தைக் காட்டியதே இல்லை. ஆனால் கடைக்கோ காட்டுக்கோ இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினால், வாசலில் நின்று செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

"ஏல, நீ முன்னால போ. நான் வாரேன்."