சிரிக்க வைத்த பாவம்

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு பத்துக்கு மகளிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. ‘பஸ் வரலம்மா. வேலைக்காரங்க ஜீப்புல வர்றேன். பயப்படாத.’ பள்ளியில் கடைசி மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. மகள் படிப்பை முடித்துவிட்டு, மலைமேல் கம்பம்மெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கம், ஓர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காயைத் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்வருகிறாள். அவளை அனுப்பியதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். மலை ஏறுவதும் இறங்குவதும் பேருந்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஏன் என்று பலமுறை கேட்டிருக்கிறாள். சொன்னால் கேள் என்பதற்கு மேல் நான் எதுவும் சொன்னதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில், கல்லூரி விடுமுறையில், நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனோம். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர் போவோம். வளைவுக்கு வளைவு குமட்டும், களைப்பில் கண் சொருகும். அதனால் வழி நெடுகப் பேசிச் சிரிக்க வைக்க ஒவ்வொரு ஜீப்பிலும் ஒருத்தி இருப்பாள். டிரைவருக்கு நேர் பின்னால் அவளுக்கென்று இடம் விட்டு வைப்பார்கள். எங்கள் ஜீப்பில் அந்த ஒருத்தி நான். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவேன்.

ஒருநாள் மலை இறங்கும்போது, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணியைப் போலப் பேசிக்கொண்டு வந்தேன். ஜீப்பே சிரிப்பில் குலுங்கியது. டிரைவரும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து எனக்கு நினைவிருப்பது, கவிழ்ந்த ஜீப்புக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் நான் குப்புறக் கிடந்ததுதான். எலும்பு முறிந்தவர்கள் பலர். உயிர் போனது என் தோழிக்கு மட்டும்.

பிரேக் பிடிக்கவில்லை என்றார் டிரைவர். எல்லோரும் நம்பினார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். ‘அடக்கமான பெண்’ என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டு போனார்கள். பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சிரிக்காத டீச்சர்’. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

அன்று மகளைத் திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. மீண்டும் மீண்டும் அதே குரல். மலைப்பாதையில் பாதிக்கு மேல் அப்படித்தான் என்று தெரியும், ஆனாலும் விரல் நிற்கவில்லை. கணவர் வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். ஆட்டோ பிடித்து மலையடிவாரத்துக்குப் போனேன்.

அங்கே காற்றும் சாரலுமாக இருந்தது. மேலே ஒரு பெரிய மரம் பாதையில் சாய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குச் சற்று முன்னால் தப்பி வந்த ஜீப் ஒன்று நின்றது. பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஜீப்புகள் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. ஆட்கள் நடந்து மரத்தைத் தாண்டி வந்தால் ஏற்றி வரலாமென்று டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். என் மகளைப் பற்றிக் கேட்டேன். “அந்தப் பக்கம் யாரு யாரு நிக்கிறாகன்னு தெரியலையேக்கா. ஏறுங்க, போய்ப் பாப்போம்” என்றார்.

பின்படியில் கால் வைத்தேன். அடுத்த கால் எழவில்லை. மகள் மேலே இருக்கிறாள் என்று தெரிந்தும் என்னால் ஏற முடியவில்லை. அந்த அவமானத்தை எப்படிச் சொல்வது?

இறங்கிய பெண்களில் என் வயதுக்காரர் ஒருவர். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளை அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மழையில் நின்று காய் எடுத்தவர். என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியைத் தன்னோடு வந்தவளிடம் கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை மறுபடி கட்டினார். எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். “வா தாயி. நானும் வாரேன்.”

அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினேன். மூன்றாவது வளைவில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என்ன பயம் என்று கேட்டார். இருபத்தொன்பது வருடமாகக் கணவரிடம்கூடச் சொல்லாததை, பெயர் தெரியாத அவரிடம் சொல்லிவிட்டேன். டிரைவர் திரும்பிச் சிரித்தது, அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டது வரைக்கும்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. “அந்தப் பிள்ளையும் சிரிச்சுச்சா?” என்று மட்டும் கேட்டார்.

ஆமாம். எல்லோரையும்விட என் தோழிதான் அதிகம் சிரித்தாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அதை நான் இத்தனை காலம் நினைத்துப் பார்த்ததே இல்லை. விழுந்ததை மட்டுமே நினைத்திருக்கிறேன்.

அடுத்த வளைவில் சரிந்த என்னைத் தோளால் தாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: “உன்னால கவுந்துச்சா, பிரேக்கால கவுந்துச்சா, அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா நீ வாய மூடி இருபத்தொம்பது வருசமாச்சே, அதுக்குப் பெறகு இந்த மலையில ஒரு ஜீப்பும் கவுறலையாக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. முன்னாலிருந்து டிரைவர், தலையைத் திருப்பாமலே, “நான் ரோட்டத்தான் பாக்குறேன், நீங்க பேசுங்க” என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

மரம் பாதையை முழுக்க அடைத்துக் கிடந்தது. நாலைந்து பேர் கிளைகளை வெட்டி, ஆள் குனிந்து வரும் அளவுக்கு வழி செய்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். என் மகள் இல்லை. பின்னால் இன்னொரு ஜீப் ஆட்கள் நிற்பதாகவும், பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். மரத்துக்குள் புகுந்து போகப் பார்த்தேன்.

அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். “வர்றவுகளுக்கு வழி விடு. சும்மா நின்னாக் கூதலடிக்கும். அந்தக் கங்காணி எப்படித்தான் பேசுவான்?”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ மலையாளம் கலந்து மூக்கால் பேசும் அந்த மனிதரின் குரல். “பிஞ்சு பறிக்கருது பெண்ணே, பிஞ்சப் பறிக்காத. நாளைக்கும் மலை இங்கனதான் நிக்கும்.”

நனைந்து நின்ற பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். “ஏடி, நம்ம தோட்டத்துக் கங்காணி எப்ப இங்கன வந்தாரு?” என்றாள். கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. கூட வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். நிறுத்த முடியாமல் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அப்போதுதான் கிளைகளுக்கு அடியிலிருந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி என் மகள் வந்தாள். என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். பிறகு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“யாரும்மா இங்க பேசுனது? அந்தச் சிரிப்புச் சத்தத்தக் கேட்டுத்தான் பயமில்லாம நடந்து வந்தோம்.”

இன்றும் அவள் வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன், நடந்தது யார் தவறு என்ற கேள்விக்கும் விடை இல்லை. ஆனால் ஒருத்தியின் சாவுக்குக் காரணமென்று நான் புதைத்து வைத்த குரல்தான் அன்று என் மகளுக்கு வழித்துணையாக வந்தது என்பதை மட்டும் யார் சொன்னாலும் இனி மறுக்க மாட்டேன்.