வீரமாத்தியிடம் நான் கேட்டது

1971-ம் வருடக் கடைசி. எல்லையில் சண்டை வரப்போகிறது என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் திருப்பூர் நல்லூரில் மாமியாரோடு இருந்துகொண்டு, பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். அதில் அவரோடு சேர்ந்து இருந்தது லீவு நாட்கள் மட்டும்தான்.

அவருக்கு ஒரு பழக்கம். லீவில் வந்தால் சினிமாவுக்குக் கூட்டிப் போகமாட்டார். சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்து அவிநாசி, திருமுருகன்பூண்டி, சர்க்கார் பெரியபாளையம் என்று பழைய கோயிலாகப் பார்த்துப் போவார். தூணில் செதுக்கியிருக்கும் வீரன் முன்னால் நின்று, "ஏனுங்க, இத்தன காலமா நின்னுட்டே இருக்கறீங்களே, காலு நோவலீங்களா?" என்று விசாரிப்பார். பிறகு குரலை மாற்றி அந்த வீரனாகவே பதில் சொல்வார். சாப்பாடு சரியில்லை, ராஜா லீவு தரமாட்டேன் என்கிறார் என்று. வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். கொஞ்ச நாளில் நானும் கூடச் சேர்ந்து பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் பேசவில்லை. காங்கயம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டு நடுவில் ஒரு கல். இடுப்பு உயரம் இருக்கும். புலியோடு சண்டை போட்டுச் செத்த ஒரு வீரன், பக்கத்தில் வலது கையைத் தூக்கியபடி அவன் மனைவி. புருஷனோடு தீயில் இறங்கியவள். வீரமாத்தி என்று சொல்லி, மஞ்சள் பூசிக் கும்பிடுவார்கள். எங்கள் சொந்தத்துப் பெண்களும் அமாவாசைக்கு அங்கே விளக்கு வைப்பதுண்டு. "இந்தம்மாகிட்ட நான் என்னத்தப் பேசறது, வா புள்ள போலாம்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

சண்டைப் பேச்சு வந்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகும். சோற்றில் கை வைத்தால் தெருவில் சைக்கிள் மணி கேட்கும், தந்திக்காரரோ என்று எழுந்து வாசலுக்கு ஓடுவேன். டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தால் நிற்பேன், முழுதும் கேட்கத் தைரியமில்லாமல் பாதியில் நடையைக் கட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடப்பது இன்னும் கொடுமை. அவர் கூட்டிப்போன இடங்களுக்கு பஸ் பிடித்துத் தனியாகப் போக ஆரம்பித்தேன்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிறு நான் கிளம்பும்போது அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார், அவ்வளவுதான். அதிகம் பேசாத மனுஷி. தனக்கு இருபத்தைந்து வயதானபோது, கிணறு வெட்டுகையில் மண் சரிந்து மாமனார் போய்ச் சேர்ந்ததிலிருந்து வெள்ளைச் சேலைதான்.

கோயில்களில் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு நடப்பேன். வீரனிடம் கேள்வி கேட்பேன். என் கணவர் போட்ட குரல் என் மனதுக்குள் வரவே வராது. ஏற்றிய விளக்கு நின்று எரிவதற்குள் அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவேன். அத்தையும் வேகவேகமாகப் பின்னால் வருவார்.

சண்டை தொடங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சோளக்காட்டுக் கல்லுக்குப் போனோம். அத்தை எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்தார். நான் கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் முகம் தேய்ந்து போயிருந்தது. தூக்கிய கையும் வளையலும் மட்டும் தெளிவாக இருந்தன.

"ஏனுங்கக்கா, உங்களை யாராச்சும் தள்ளினாங்களா, இல்ல நீங்களாத்தான் போனீங்களா? வேண்டாமுன்னு சொல்லியிருந்தா உட்டிருப்பாங்களா?"

மனதுக்குள் கேட்பதாகத்தான் நினைத்தேன். இத்தனை வாரம் வராத பதில் அப்போது வந்தது. மேளச் சத்தம் பெருசா இருந்துச்சு கண்ணு, நான் சொன்னது எனக்கே கேக்கலை என்று அவள் சொல்வது போலிருந்தது.

பின்னால் எண்ணெய் பாட்டில் கல்லில் இடிக்கும் சத்தம். திரும்பினால் அத்தை. நான் வாய்விட்டுத்தான் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. மகன் உயிரோடு இருக்கும்போது இதென்ன பேச்சு என்று அறைவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து விளக்கைப் பொருத்தினார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. "நேரமாச்சு, நட" என்றார்.

சண்டை முடிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த சில நாளில் தந்தி வந்தது.

உடலைக் கொண்டுவரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்களாம். பார்க்க ஒன்றுமில்லாமல் எதன் முன்னால் அழுவது என்றே தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சொந்தக்காரர்கள் கூடினார்கள். கருமாதிச் சடங்கன்று அத்தையின் அக்கா, என் கணவருக்குப் பெரியம்மா, தட்டில் வெள்ளைச் சேலையோடு வந்தார். பெண்கள் அழுதுகொண்டே என் கைகளைப் பிடித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதில் பாதிப் பேர் இதே சேலையைக் கட்டியவர்கள்.

சுவரோரம் சுருண்டு கிடந்த அத்தை எழுந்து வந்தார்.

"அக்கா, அவ கைய உடுங்க."

பெரியம்மாவுக்குப் புரியவில்லை.

"எனக்கு இதைக் கட்டுனப்ப ஒருத்தரும் என்னைக் கேக்கலை. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சிட்டுத்தான் இருக்கறேன். இவளைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் வீராப்பாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கணவருக்காக அந்தச் சேலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, தூக்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

"தெரியலையாமா" என்றார் அத்தை. "தெரியற வரைக்கும் ஒருத்தரும் அவ கையத் தொடக்கூடாது."

"ஊரு என்ன பேசும்?" என்றார் பெரியம்மா.

"பேசட்டுங்க. என்ற மகனே போயிட்டான். ஊரு பேசி இனி எனக்கு என்ன ஆகப்போவுது."

சில பேர் சாப்பிடாமலே கிளம்பினார்கள். பெரியம்மா பல வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு அத்தை மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்து, மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அதுவரை அவருக்கு அழ நேரமே கிடைக்கவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் எழுந்து ஓடாமல் ஒரு இடத்தில் இருந்தேன்.

கொஞ்ச நாளில், வெள்ளை கட்டாமல், பழைய நீலச் சேலையிலேயே கம்பெனிக்குப் போனேன். முதல் நாள் அத்தை கேட் வரைக்கும் கூட வந்தார். படபடப்பு அடங்க வருடங்கள் ஆயின. வளையலை ஒரு நாள் நானே கழற்றினேன், வேறொரு நாள் நானே போட்டுக்கொண்டேன். இரண்டையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அத்தை இப்போது இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் வீட்டில் யாரைப் பற்றியாவது நாலு பேர் கூடி முடிவு செய்ய உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை, அந்த ஆளைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து, "தெரியலை" என்று சொன்னாலும் சரி, அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளும்வரை நான் எழுந்திருப்பதில்லை.