எலிக்குப் போடும் மார்க்

ஓசூரில் நான் பார்த்த வேலையை யாருக்கும் சுலபமாகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. நன்றாக இருக்கும் எலிக்குப் பக்கவாதம் வரவழைக்க வேண்டும். பிறகு அதன் மூளையில் எவ்வளவு செத்துப்போயிற்று என்று அளக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது. அதற்குப் பிறகு அம்மா, "பாப்பா மருந்து கம்பெனில இருக்குது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதுவும் பொய்யில்லை.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருடங்கள் அவை. தொழிற்பேட்டையில் சுற்றிலும் நட்டும் போல்ட்டும் செய்கிற ஷெட்டுகள், நடுவில் ஏ.சி. போட்ட எங்கள் கட்டடம். ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் கிரீஸ் வாசனையோடு வீட்டுக்குப் போவார்கள், நாங்கள் எலி வாசனையோடு போவோம். ஊருக்குத் திரும்பும் உத்தனப்பள்ளி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு யாரும் சண்டை போட்டதில்லை.

எலியின் கழுத்து இரத்தக்குழாய் வழியாக மெல்லிய நைலான் இழை ஒன்றை மூளைவரை செலுத்தி, கொஞ்ச நேரம் இரத்தத்தை அடைத்துவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். அதற்கு ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். என் வேலை மறுநாள் காலை தொடங்கும். முதலில் எலியை வாலைப் பிடித்துத் தூக்குவேன். நல்ல எலி இரண்டு முன்னங்கைகளையும் மேசையை நோக்கி நீட்டும். அடிபட்டது ஒரு கையை நெஞ்சோடு மடக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளினால் சாயும், நடக்கவிட்டால் வட்டமடிக்கும். குறை ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம், நடக்கவே முடியாமல் கிடந்தால் நான்கு. பூஜ்யம் வாங்குகிறவனைக் கெட்டிக்காரன் என்று சொன்ன ஒரே பள்ளிக்கூடம் எங்களுடையது.

பிறகு மூளையை எடுத்து ரொட்டித் துண்டுபோல வில்லைகளாக வெட்டி ஒரு சாயத்தில் ஊறவைப்போம். உயிரோடிருக்கும் பகுதி சிவக்கும், செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். வில்லைகளைச் சாதாரண ஆபீஸ் ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, வெள்ளையின் ஓரத்தைச் சுற்றி மவுஸால் கோடு போட்டால் கம்ப்யூட்டர் பரப்பளவைச் சொல்லும். செத்த பக்கம் வீங்கியிருக்கும். வீக்கத்தைக் கழிக்காவிட்டால் சேதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். மனிதர்களின் அழுகைக்கும் இப்படி ஒரு சூத்திரம் இருந்தால் சில சொந்தக்காரர்களைச் சமாளிக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்பது அளக்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாக மருந்துக்கு வேண்டியபடி கோடு போடும். அந்த விவரத்தை மேலாளர் பூட்டி வைத்திருப்பார். இந்த ஒழுங்கைப் பற்றி எனக்குத் தலைகொள்ளாத கர்வம். உலகத்தில் வேறு யாரும் எதையும் நேர்மையாக அளப்பதில்லை என்றே நம்பினேன். இத்தனை நேர்மையாக அளந்த மருந்துகளில் ஒன்றாவது மெடிக்கல் ஷாப்புக்கு வந்து சேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் தோட்டத்தில் தக்காளி பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில் அப்பாவுக்கே பக்கவாதம் வந்தது. வலது கை மரத்துப்போகிறது என்று வரப்பில் உட்கார்ந்தவர், வெயில்தான் காரணம் என்று நினைத்து மோர் கேட்டிருக்கிறார். மோர் வந்தபோது பேச்சு போயிருந்தது. தம்பி தக்காளி ஏற்றவிருந்த வண்டியிலேயே அவரை ஓசூருக்குக் கொண்டுவந்தான். எங்கள் எலிகளுக்கு அடைப்பு விழுந்த நிமிடம் தெரியும், மருந்து போன நிமிடமும் தெரியும். அப்பாவுக்கு எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். மூளையின் இடது பக்கத்தில் கறுத்த ஒரு திட்டு தெரிந்தது. என் விரல் அதன் ஓரத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"அளக்கறேன் சார்."

அவர் என்னையும் அட்மிட் பண்ணிவிடலாமா என்பதுபோலப் பார்த்தார். "சின்னதுதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எலியாக இருந்தால் மத்தியானமே கூண்டுக்கம்பியில் ஏறித் தீனி கேட்கும். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சின்னதுதான் என்று சொன்னேன்.

"எவ்ளோ செத்துப்போச்சி?" என்று அம்மா கேட்டாள்.

"கொஞ்சந்தாம்மா."

"அந்தக் கொஞ்சத்துலதான் பேச்சு இருந்துச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே தொடர்ந்தாள். "கை கால் எப்பிடியோ போவட்டும் பாப்பா. அவரு எங்கிட்ட பேசணும். அது ஒன்னு வந்தா போதும் எனக்கு."

வீட்டுக்கு வந்ததும் வைத்தியம் களைகட்டியது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, புறா இரத்தம் தடவினாள். தம்பி எங்கிருந்தோ ஒரு எண்ணெய் வாங்கிவந்தான். டாக்டரின் மாத்திரை ஒரு பக்கம், கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர் ஒரு பக்கம், அம்மாவின் வேண்டுதல் ஒரு பக்கம். எல்லாம் ஒரே உடம்பில். உப்புத்தண்ணீர் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அப்பா எங்களிடம் இல்லை. நான் தினமும் அவருக்கு மார்க் போட்டேன். வாலைப் பிடித்துத் தூக்குவது நீங்கலாக மற்ற எல்லாம் செய்தேன். கையை நீட்டச் சொன்னேன், தோளை லேசாகத் தள்ளிப் பார்த்தேன்.

"பெத்த அப்பனப் புடிச்சித் தள்றா பாரு" என்றாள் அத்தை.

அப்பாவின் விரல் அசைந்த அன்று, புறாதான் என்றாள் அத்தை. எண்ணெய்தான் என்றான் தம்பி. "யாரு என்ன குடுத்தீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க, மார்க் கெட்டுப்போவும்" என்று நான் கத்தினேன். "ஒளிச்சி வெக்கறதுக்கு நாங்க என்ன திருடிக்கினா வந்தோம்?" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, அம்மா கஞ்சி கொண்டுபோனாள். அப்பா அவளைப் பார்த்தார். நல்ல கையால் கட்டிலில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு குழறலாக, ஆனால் புரியும்படி, "கூத்கொள்ளி. ஊட்டா ஆய்த்தா?" என்றார்.

அம்மா ஊத்தங்கரைக்காரி. இத்தனை வருடம் இங்கே வாழ்ந்தும் கன்னடம் அவளுக்கு வாய்க்கவில்லை. அத்தைக்கும் அப்படியே. ஜுரத்தில் உளறுகிறார் என்று பயந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள் என்பதால் எனக்குப் புரிந்தது.

"உக்காருங்க, சாப்டாச்சான்னு கேக்கறாரும்மா."

"யாரக் கேக்கறாரு?"

"உன்னத்தான்."

அப்பா வாராவாரம் தக்காளியோடு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிறவர். அங்கே விலை பேசுவதற்கு முன் வந்தவரை உட்காரவைத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, காப்பி வாங்கிக் கொடுப்பது வழக்கம். இடது பக்கத்துத் திட்டு தமிழை எடுத்துக்கொண்டு கன்னடத்தை விட்டுவைத்திருந்தது. எந்த எலியிடமும் நான் சோதித்துப் பார்க்காத விஷயம் இது. ஒருவேளை அம்மாவை மார்க்கெட் ஆள் என்று நினைக்கிறாரோ என்று, "இது யாருப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். என்னுடையவள் என்பதுபோலத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆள் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் அம்மாவை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு அவள் சாப்பிடுவாள், அதில் கேட்க என்ன இருக்கிறது? அப்பா கெட்டவரில்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. தமிழில் அவர் அம்மாவிடம் பேசியதெல்லாம் தண்ணி, துண்டு, சாவி. அவ்வளவுதான்.

அம்மா அடுப்படியில் வைத்து என்னிடம் பதில் கற்றுக்கொண்டாள். மறுநாள் அவர் கேட்டதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "ஆய்த்து. நிம்து?" என்றாள். ஆயிற்று, உங்களுக்கு? அப்பா தலையாட்டிவிட்டுத் தன் காப்பி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். சாப்பிடாமல் ஆயிற்று என்று பொய் சொல்லக்கூடாது என்பதற்காக அம்மா அவருக்கு முன்பே சாப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கு உடம்பு கொஞ்சம் தேறிக்கூட இருந்தது. அதற்கு மார்க் போடும் முறை என்னிடம் இல்லை.

சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கட்டினவளிடம் வேறு பாஷை பேசுகிறவனைக் குணமானவன் என்று எப்படிச் சொல்வது? பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, "வீட்ல என்ன பாஷை?" என்று கேட்டபோது எல்லோரும் ஒரே குரலில் தமிழ் என்றோம். அவள் படம் போட்ட அட்டைகளை நீட்டினாள். மாடு, குடை, தண்ணி. அப்பா வியர்க்க வியர்க்கப் படித்தார்.

மழை பிடித்த சமயத்தில் ஒருநாள் காலை, எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, அப்பா தமிழில் கூப்பிட்டார்.

"ஏய், தண்ணி."

அத்தை அழுதாள். தம்பி ஊரெல்லாம் போன் போட்டான். நான் அவரைக் கையை நீட்டச் சொன்னேன், இரண்டு கையும் நேராக நின்றன. தோளைத் தள்ளினேன், சாயவில்லை. பூஜ்யம். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "ஊட்டா ஆய்த்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னாடி பாஷை இது? போயி வேலயப் பாரு."

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. கூடமே சிரித்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்குப் பேச்சு வந்ததற்காக அவர்மேல் கோபப்பட்ட மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு காலி டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாம் வந்துருச்சி பாப்பா" என்றாள். "முன்ன எப்பிடி இருந்தாரோ அப்பிடியே வந்துருச்சி."